மூக்கில்லாமல் சமைத்த எட்டு மாதங்கள்

நம் முதியோர் இல்லத்தின் சமையலறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

சாம்பாருக்கு எத்தனை கரண்டி, முப்பது பேருக்கு எத்தனை படி என்று எழுதித் தரும்படி இல்லத்தை நடத்துகிற மேடம் கேட்டார். அதெல்லாம் ஏற்கெனவே நீல அட்டை நோட்டில் இருக்கிறது. மிளகாய்த்தூள் டின்னுக்குப் பின்னால் தேடுங்கள். எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களை மட்டும் படித்தால் போதும், கறை இல்லாத பக்கங்களை நானே திறந்ததில்லை. நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றைப் பற்றி. அந்த அடுப்படியில் பதினாறு வருடம் நின்ற ஒருத்தி, அதில் எட்டு மாதம் மூக்கே இல்லாததை மறைத்துச் சமைத்தாள். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதனால் ஒரு மனுஷியை எமன் வாசல் வரைக்கும் அனுப்பிவைத்தாள். அந்தப் புண்ணியவதி நான்தான்.

சமையல் வேலைக்கு நான் வந்தது செரண்டா ஊரில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீன் வழியாக. அங்கே தலைமைச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். பேசுவது குறைவு, திட்டுவது அதிகம். முதல் நாள் நான் குழம்பில் கரண்டியை விட்டு, உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தேன். அவர் கரண்டியைப் பிடுங்கிக் கழுவும் தொட்டியில் போட்டார்.

"பசிச்சா தட்டு எடுத்துக்கம்மா. ஊரு ஜனம் திங்கப்போற சட்டியில எச்சிப் பண்ணாத."

"உப்புப் பாக்க வேணாமாண்ணே?"

"மூக்கு எதுக்கு இருக்கு?"

அவர் மூடியைத் திறப்பார், ஆவியை முகத்தில் வாங்குவார், கண்ணை மூடிக்கொள்வார். உப்புக் குறைந்த குழம்பில் புளி முந்திக்கொண்டு வரும். உப்பு சரியாக இருந்தால் எல்லா வாசமும் ஒன்றாக எழும்பும். கேட்டால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. மூன்று மாதத்தில் எனக்கே அது பிடிபட்டுவிட்டது. கோவில் அன்னதானத்துக்குச் சமைக்கிறவர்களும் இப்படித்தான், சாமிக்குப் படைக்கும் முன்னால் யார் ருசி பார்ப்பது? வாயில் வைத்துப் பார்க்காமல் சமைப்பது நம் ஆட்களிடம் ஒரு கௌரவம். அந்தக் கௌரவம் எனக்கும் தலைக்கேறியது. பிறகு முப்பது வருடம் எந்தச் சட்டியிலும் நான் நாக்கை வைத்ததில்லை.

அதே கேண்டீனில் ஒரு நாள் மஞ்சள்தூள் தீர்ந்துபோனது. சாம்பார் வெளுத்துப்போய் வெந்தது. உப்பு, புளி, காரம் எல்லாம் முந்தின நாள் அளவுதான். சாப்பிட வந்தவர்கள் வரிசையாக "உப்பே இல்லலா" என்று சொல்லி, உப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். மறுநாள் மஞ்சள் வந்தது. உப்பு அதே அளவு, ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் பின்கட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சாப்பாடு நாக்கில் மட்டும் நடக்கிற காரியமில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்ததை வேண்டிய நேரத்தில் மறந்தும் போனேன்.

பிறகு இந்த முதியோர் இல்லத்துக்கு வந்தேன். ஈஜோக் சாலையில் மூன்று பக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை மரங்கள், நடுவில் நம் கூடம். முப்பது பேர். தோட்டங்களில் குலை வெட்டியவர்கள், பழம் பொறுக்கியவர்கள், களைக்கு மருந்தடித்தவர்கள். வாழ்நாளில் யாரிடமும் எதையும் குறை சொல்லிப் பழக்கமில்லாதவர்கள். என்ன போட்டாலும் "நல்லாருக்கு" என்பார்கள். இதை முதலில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கூடத்தில் "நல்லாருக்கு" என்ற வார்த்தைக்கு எந்த மதிப்பும் கிடையாது.

கோவிட் வந்த காலத்தில் எனக்கும் வந்தது. இரண்டு வாரம் பெஸ்தாரி ஜெயாவில் என் அடுக்குமாடி வீட்டில் பூட்டிக்கொண்டு கிடந்தேன். கணவர் போய்ப் பல வருடமாகிறது, மகன் ஜொகூரில். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் கஞ்சியை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவாள். கஞ்சி வெந்நீர் போல இருந்தது. காய்ச்சல் வாய் என்று நினைத்துக்கொண்டேன்.

தேறி, மோட்டார் சைக்கிளில் வேலைக்குத் திரும்பிய காலையில்தான் விஷயம் புரிந்தது. வழியில் எண்ணெய் ஆலை வளைவு இருக்கிறதே, அங்கே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை முறுக்குவோம். நானும் பழக்கத்தில் மூச்சைப் பிடித்தேன். வளைவு கொஞ்சம் நீளம், பாதியில் மூச்சு வாங்கிவிட்டது. ஒன்றுமே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி நன்றாக இழுத்துப் பார்த்தேன். புகைபோக்கி புகைந்துகொண்டுதான் இருந்தது. ஆலையின் நாற்றம் வரவில்லையே என்று அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பெயர் சொல்லாமல் கிளினிக்குக்குத் தொலைபேசியில் கேட்டேன், வந்துவிடும், வந்துவிடும் என்றார்கள். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. மூக்கு போனால் சாப்பாடு மட்டும் போவதில்லை பிள்ளைகளே. குளித்தோமா, வேர்வை நாறுகிறதா என்று தெரியாமல் ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தேன். கேஸ் அடுப்பை மூடிவிட்டுப் படுத்தால், கசிகிறதோ என்று எழுந்து எழுந்து பார்த்தேன். வீட்டுக்கென்று ஒரு வாசம் இருக்கும், உள்ளே நுழைந்ததும் நம் வீடு என்று சொல்லும், அதுவும் போய்விட்டது. யாருடைய வீட்டிலோ விருந்தாளியாக இருப்பது மாதிரி இருந்தேன். சோற்றை நின்றுகொண்டே விழுங்கினேன். அது மாதிரித் தனிமையை என் கணவர் செத்தபோதுகூட நான் பார்க்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. மூக்கில்லாத சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? சம்பளம் போய்விடும் என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லாமல் போய்விடுமே என்பது. வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. இல்லத்தில் முப்பது பேர் "பவானி, பவானி" என்று கூப்பிட்டார்கள்.

நாக்கு உப்பு, புளிப்பு மட்டும் சொல்லியது. அதையாவது வைத்துச் சமாளித்திருக்கலாம். ஆனால் முப்பது வருடமாக ருசி பார்க்காதவள் திடீரென்று கரண்டியை நக்கினால் பார்க்கிறவர்களுக்கு விளங்கிவிடாதா? அந்தப் பாழாய்ப்போன கௌரவத்தால் அதையும் செய்யவில்லை. எல்லாவற்றையும் கப்பில் அளந்தேன். மூடியைத் திறந்து, கண்ணை மூடி, ஆவியை முகத்தில் வாங்கி, தலையை ஆட்டுவேன். வெறும் நடிப்பு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தாளிப்புதான் தொல்லை கொடுத்தது. கடுகு வெடிப்பதைக் காது சொல்லிவிடும். பூண்டு சிவந்து கருகப்போகிற நேரத்தை மூக்குதான் சொல்லும். இரண்டு முறை கருக்கிவிட்டேன். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். விடியற்காலையில் யாரும் வருவதற்கு முன்னால், விளக்கைப் போட்டுக்கொண்டு, நிறத்தைப் பார்த்துப் பார்த்து வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் ஒரே தடவையில் வதக்கி டின்னில் அடைத்துவிடுவேன். கொசுவுக்காக அந்த நேரத்தில் கூடத்துச் சன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். மத்தியானம் டின்னிலிருந்து எடுத்துக் குழம்பில் கலக்கி அனுப்புவேன், சத்தமும் இல்லை, புகையும் இல்லை. நாமும் கெட்டிக்காரிதான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மிச்ச வாளி கனக்கத் தொடங்கியது. தட்டு கழுவும் இடத்தில் இருக்கிற அந்தச் சிவப்பு வாளியைத்தான் சொல்கிறேன், கோழி வளர்க்கிறவர் வந்து எடுத்துப்போவாரே, அதை. அரை வாளியாக இருந்தது முக்கால் ஆனது. வெயில் காலம், வயதானவர்கள், பசி குறைவு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். "சாப்பாடு எப்படி?" என்று கூடத்தில் கேட்டால், "நல்லாருக்கு பவானி" என்றார்கள்.

வாளியில் அதிகம் கொட்டியது ராசம்மா அக்காவின் தட்டு. அவரை உங்களுக்குத் தெரியாது. சமையலறைச் சுவரை ஒட்டி, இப்போது நீங்கள் துணி மடித்து வைக்கிற மூலையில்தான் அவர் கட்டில் இருந்தது. தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர். எழுபது தாண்டியதும் இனிப்பு நீர் வியாதி இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. பிள்ளை கிடையாது. தங்கை மகன் தீபாவளிக்கு ஒரு முறை தலையைக் காட்டுவான். முன்பெல்லாம் கட்டிலில் இருந்தபடியே சமையலறைக்கு அதிகாரம் செய்வார். "பவானி, இன்னிக்கி கருவாடா? கத்திரிக்காய எப்பப் போடப்போற, நாளைக்கா?" என்று குரல் வரும். நானும் உள்ளேயிருந்து ஏதாவது திருப்பிக் கொடுப்பேன். அந்தக் குரல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சத்தம் வந்தால் கவனிக்கிறோம், வராமல் போனால் யார் கவனிக்கிறார்கள்?

அவர் காலில் ஒரு புண் வேறு வந்தது, ஆறாத புண். பக்கத்து மேசைக்காரர்களால் சாப்பிட முடியவில்லை, மேடத்திடம் போய்ச் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அந்த நாற்றத்துக்கு முன்னால் யாருக்கும் சோறு இறங்காது என்று பிறகு எனக்கே தெரிந்தது. ராசம்மா அக்காவின் தட்டு கட்டிலுக்குப் போனது. ஊழியர்கள் முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு, புண்ணின் கட்டை மாற்றிவிட்டு, தட்டை வைத்துவிட்டு ஓடினார்கள். அவர் தனியாகச் சாப்பிட்டார். சாப்பிட்டார் என்று சொல்வது தப்பு, தட்டைத் தடவிவிட்டு ஒதுக்கினார்.

மாதாமாதம் வருகிற டாக்டர் எடையைப் பார்த்தார். அவர் போனதும் மேடம் சமையலறைக்கு வந்தார்.

"அடுத்த தடவ வர்றப்ப இன்னும் எறங்கியிருந்தா மூக்கு வழியா குழாய் போடணுங்கிறாரு பவானி. குழாய் போட்ட ஆள நம்ம வச்சிக்க முடியாது. நர்ஸ் வேணும். கிள்ளான்ல ஒரு எடத்துல கேட்டிருக்கேன்."

"கண்ணு தெரியாதவங்கள புது எடத்துக்கா மேடம்?"

"எனக்கு மட்டும் ஆசையா? சாப்பிட வைங்க."

கண் போனவர்களுக்கு ஓர் இடம் என்பது அங்கே கேட்கிற குரல்கள்தான். கிள்ளானில் அவருக்குத் தெரிந்த ஒரு குரல்கூட இருக்காது. அவரை எப்படியாவது சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே கங்கணம் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் முதல் என் தட்டையும் எடுத்துக்கொண்டு போய் அவர் கட்டிலில், முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தேன். எனக்கும் வீட்டில் நின்றுகொண்டு விழுங்கிச் சலித்துவிட்டது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்கியது. தோட்டத்துக் கதை பேசுவார், நான் "ம்" போடுவேன். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நீ ஒருத்திதான்டி மூஞ்சியச் சுளிக்காம உக்காந்திருக்க."

"மூஞ்சி சுளிக்கிறது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"கண்ணுதான் போச்சு. மூச்சப் புடிச்சிக்கிட்டுப் பேசுனா பேச்சு மாறாதா? எல்லாம் சளி புடிச்ச மாதிரி பேசிட்டு ஓடுதுங்க. நீ இழுத்து மூச்சு விட்டுக்கிட்டு எம்பக்கத்துலயே சோறு திங்கிற. எங்கம்மா போனதுக்கப்புறம் யாரும் எனக்கு இப்படி இருந்ததில்ல."

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே, "அக்கா, எனக்கு மூக்கு இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கை என் முழங்காலைத் தேடி வந்து அதன்மேல் உட்கார்ந்தது. அத்தனை மாதத்தில் என்னை யாரும் தொட்டதில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன், அந்தப் பாராட்டை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவர் எனக்காகச் சாப்பிடத் தொடங்கினார். எனக்காக என்பதைக் கவனியுங்கள், பசிக்காக இல்லை. பிடித்துத் தள்ளி நாலு கவளம். போதவில்லை. நான் தனியாக அவருக்கு மட்டும் தேங்காய்ப்பால் கஞ்சி வைத்தேன். காலையில் பிழிந்த பால், வெயில் கொளுத்திய நாள், குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லாமல் வெளியிலேயே இருந்துவிட்டது. முன்பென்றால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போகும்போதே தெரிந்திருக்கும். நான் மூடியைத் திறந்து, கண்ணை மூடி, தலையை ஆட்டிவிட்டு அதைக் கிண்ணத்தில் ஊற்றி, உதவிக்கு நின்ற ஷாலினியிடம் கொடுத்தனுப்பினேன்.

ராசம்மா அக்கா கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனார். ஒரு நொடி தயங்கினார். பிறகு குடித்தார். முழுக் கிண்ணத்தையும்.

"நல்லாருக்குடி" என்றார்.

முதன்முறையாகக் காலிக் கிண்ணம். நான் அதைக் கொடி மாதிரி தூக்கிக்கொண்டு போய் மேடத்திடம் காட்டினேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு வாந்தி தொடங்கியது. ஐந்தரைக்கு ஆம்புலன்ஸ். கிண்ணத்தைக் கழுவ எடுத்த ஷாலினி முகத்தைத் திருப்பினாள். அப்போது அவளும் உங்களைப் போல வேலைக்குப் புதிது.

"ஆன்ட்டி, இது ஊசிப்போயிருக்கு. புளிச்ச வாட அடிக்குது."

மேடம் எங்கள் இருவரையும் பார்த்தார். "எப்படி? சமைச்சவங்க பாக்காமயா குடுப்பாங்க?" என் மூக்கின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.  "நாந்தான் மேடம் எடுத்துட்டுப் போனேன். ஃபோன் வந்துச்சு, சன்னல்கிட்ட கொஞ்ச நேரம் வச்சிட்டேன். வெயில்ல..." என்று அழுதுவிட்டாள்.

பத்து நிமிட வெயிலில் கஞ்சி ஊசாது. எனக்குத் தெரியும். பழி தானாக வேறொரு தலையில் போய் உட்கார்ந்திருந்தது. நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது மட்டும்தான், சும்மா இருந்தேன். துணியை எடுத்து மேடையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று சோறு இறங்கவில்லை. என்னை உறுத்தியது ஷாலினியின் அழுகை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்த ஒரு நொடி. கிண்ணத்தை முகத்தருகே வைத்து ராசம்மா அக்கா தயங்கினாரே, அந்த நொடி. அவருக்கு மூக்கு நன்றாக இருக்கிறது. ஊசிப்போனது தெரிந்துதான் குடித்திருக்கிறார். பக்கத்தில் உட்காருகிற ஒரே ஆளின் மனம் நோகக் கூடாது என்று குடித்திருக்கிறார். 

காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னால் மேடத்தின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். 

"எட்டு மாசமா? அப்ப அந்த மூடியத் தெறந்து மோந்து பாத்தது?"

"சும்மா மேடம்."

"ஷாலினிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இனிமேத்தான்."

"முதல்ல அதப் பண்ணுங்க. அப்புறம் சமைங்க. இனிமே அந்தப் பொண்ணு வாயில வச்சுப் பாக்காம ஒரு சட்டியும் வெளிய போகக் கூடாது."

வேலையை விட்டு நிறுத்துவார் என்று பையைக்கூட எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். இவ்வளவு சுலபமான ஒன்றுக்கா எட்டு மாதம் பயந்தேன் என்று இருந்தது. ஷாலினி சுலபமாக விடவில்லை. "நா ராத்திரி பூரா தூங்கல ஆன்ட்டி. அவங்க செத்துட்டா நாந்தான்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒரு ராத்திரியை நான் அவளுக்குத் திருப்பித் தரவே முடியாது. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும், பழி தானாக வேறு பக்கம் நகரும். அதை அந்த ராத்திரியைத் தாண்ட விடாதீர்கள்.

மூன்றாவது நாள் ராசம்மா அக்கா மருத்துவமனையிலிருந்து திரும்பினார், கன்னம் ஒட்டிப்போய். டாக்டர் வர ஒன்பது நாள் இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து, "அக்கா, எனக்கு வாசம் தெரியாது. கோவிட்ல போனது. கஞ்சி கெட்டது எனக்குத் தெரியல" என்றேன்.

 அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எங்காலு?"

"தெரியாதுக்கா."

"ஒருநாளும்?"

"ஒருநாளும்."

அவர் கை என் முழங்காலில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்.

"நீ எனக்காக உக்காந்திருக்கேன்னு நெனச்சேன்டி" என்றார். அப்புறம் குரல் உயர்ந்தது. "அதான் இங்க மத்தியானமே வரல! வெங்காயம் வதங்குற வாசம் வந்தாத்தான் எனக்கு மணி பன்னெண்டு. வாயில எச்சி ஊறும், வயிறு கேக்கும். கண்ணு இல்லாதவளுக்கு வேற கடியாரம் ஏது? எட்டு மாசமா ஒண்ணுமில்ல. திடுதிப்புன்னு ஒரு தட்டு மடியில வந்து விழுது. என்னா சோறு, யாரு ஆக்குனது, ஒரு தாக்கல் தகவலும் இல்ல. எப்படிடி எறங்கும்?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தட்டையும் தொடவில்லை.

நான் டின்னில் அடைத்து வைத்தது வெங்காயத்தை இல்லை, அந்தக் கூடத்தின் மத்தியானத்தை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. முப்பது பேருக்கும் பசியை எழுப்பிவிடுவது அந்த வாசம்தான். அதை விடியற்காலையில், சன்னல் சாத்தியிருக்கும்போது, யாருக்கும் உதவாமல் காற்றில் விட்டிருந்தேன்.

மறுநாள் பதினொன்றே முக்காலுக்குக் கூடத்துப் பக்கக் கதவை அகலத் திறந்து வைத்து, பெரிய சட்டியைப் போட்டேன். கடுகு, காய்ந்த மிளகாய், வெங்காயம், பூண்டு, ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு. ஷாலினியைத் துணைக்கு நிறுத்தவில்லை. பிடிவாதமோ என்னவோ. நிறத்தைப் பார்த்துக் கிண்டினேன். முதல் நாள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ராசம்மா அக்கா இரண்டு வாய் சாப்பிட்டதாக ஷாலினி சொன்னாள். இரண்டாம் நாளும் அப்படித்தான், ஆனால் மிச்ச வாளி குறைந்தது. மூன்றாம் நாள் ஆவியில் என் கண்ணாடி மங்கிவிட்டது, துடைக்கக் கழற்றினேன்.

"கருகுதுடி! எறக்கு!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சட்டியைத் தூக்கிக் கீழே வைத்தேன். பூண்டு பொன்னிறத்தைத் தாண்டத் தொடங்கியிருந்தது. இன்னும் பத்து நொடி போயிருந்தால் கசந்திருக்கும்.

"எறக்கிட்டேன்க்கா" என்று கத்தினேன்.

 அன்று அவர் அரைத் தட்டு சாப்பிட்டார். மறுநாள் நான் வேண்டுமென்றே கேட்டேன், "போதுமாக்கா?" "இன்னும் பச்ச வாட போகல" என்று கடுகடுப்பாக ஒரு குரல் வந்தது. அப்படித்தான் பேச்சு மீண்டது. உப்புக்கு ஷாலினியின் நாக்கு, தாளிப்புக்கு ராசம்மா அக்காவின் மூக்கு, அடுப்புக்கு என் கை. டாக்டர் வந்த அன்று எடை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதம் ஒரு கிலோ ஏறியிருந்தது. குழாய்ப் பேச்சு நின்றது, கிள்ளான் பேச்சும் நின்றது.

எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன், அவரும் பேசுவார். ஆனால் அந்தக் கை திரும்ப என் முழங்காலுக்கு வரவில்லை. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதில் இப்போது ஒரு பெருமையும் இல்லை, அது இருவருக்கும் தெரியும். ஒரு நாள் வேடிக்கையாகச் சொல்வது போல, "ஒனக்கென்னடி, கல்லு மாதிரி உக்காந்திருப்ப" என்றார். வீட்டுக்குப் போகிற வழி முழுவதும் அது என் மனதில் குத்திக்கொண்டே வந்தது.

அடுத்த ஆண்டு தீபாவளி கழிந்த ஒரு மத்தியானம். கத்திரிக்காய்க் குழம்பு. கட்டிலில் உட்கார்ந்து ஒரு கவளம் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். அப்போது வந்தது. இத்தனை மாதம் மூடியிருந்த மூக்குக்குத் திரும்பி வர மல்லிகை கிடைக்கவில்லை, காப்பி கிடைக்கவில்லை. அழுகலும் மருந்தும் கலந்த அந்த நாற்றம், தொண்டை வரை இறங்கியது.  எனக்குத் தெரியாமலே என் மூச்சு நின்றுவிட்டது.

பக்கத்தில் பிசைந்துகொண்டிருந்த கையும் நின்றது.

"வந்திருச்சாடி?"

பொய் சொல்லியிருக்கலாம். மேசைக்காரர்கள் ஏன் மேடத்திடம் போய்ச் சொன்னார்கள் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஊழியர்கள் இத்தனை நாள் எப்படிக் கட்டு மாற்றினார்கள் என்று நினைத்தேன்.

"வந்திருச்சுக்கா."

"போறதுன்னா போ. நா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

நான் மூச்சை விட்டேன். பிறகு இழுத்தேன், அவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. கண்ணில் நீர் வந்துவிட்டது, நாற்றத்தாலும் வந்தது, வேறு ஏதோ ஒன்றாலும் வந்தது. கையில் இருந்த கவளத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.

ராசம்மா அக்கா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மெல்லுவதையும் விழுங்குவதையும் கேட்டார், அடுத்த கவளத்தைப் பிசைவதையும் கேட்டார். பிறகு அவருடைய ஈரக் கை, சோற்றுப் பருக்கையோடு, என் முழங்காலில் வந்து உட்கார்ந்தது.

"இன்னிக்கித்தான்டி நீ எம்பக்கத்துல உக்காந்திருக்க" என்றார்.

நான் "ம்" போட்டேன். என் வாயில் சோறு இருந்தது.